பல் படாத மாத்திரை

பாக்கியமேரியின் வீட்டில் மனிதர்களுக்கு ஒரு அறை, புழுக்களுக்கு இரண்டு. மனிதர்களின் அறையில் மழை வந்தால் ஓடு ஒழுகும். புழுக்களின் அறைகளுக்கு அவள் கணவன் சவுரியப்பன் புதுக் கூரை போட்டு, ஜன்னலுக்கு வலை அடித்து, மூங்கில் தட்டுகளைத் தாங்கும் மரச்சட்டத்தின் கால்களை எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தான். எண்பதுகளின் நடுவில் மாரண்டஹள்ளிப் பக்கம் பட்டுப்புழு வளர்த்த வீடுகளில் பெரும்பாலும் இதுதான் ஏற்பாடு. பட்டு என்றதும் ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் மின்னும் சேலை நினைவுக்கு வருகிறவர்கள் உண்டு. அந்த வீட்டுக்குள் ஒருமுறை காலை வைத்தவர்களுக்கு நாற்றம்தான் நினைவில் இருக்கும். புழு தின்று மிச்சம் வைத்த முசுக்கொட்டை இலை, அதற்கடியில் மிளகு கொட்டியதுபோல் புழுக்கை, நோய் கண்டு வீங்கி உடைந்த பால் புழுவின் வெள்ளை நீர். இவை மூன்றும் சேர்ந்த நாற்றம் சோற்றில் ஏறும், தலையணையில் ஏறும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கென்று பெட்டிக்குள் மடித்து வைத்த சேலையிலும் ஏறும்.

முட்டை பொரிந்ததிலிருந்து கூடு கட்டும் வரைக்கும் சுமார் ஒரு மாதம். அந்த மாதம் முழுவதும் புழுவுக்கு விடியலில், முன்பகலில், பிற்பகலில், அந்தியில், பிறகு ஊர் அடங்கியபின் என்று இலை போட வேண்டும். கடைசி வாரத்தில் அவை தின்கிற சத்தம் ஓட்டின்மேல் மழை விழுவதுபோல் கேட்கும். இதற்கு நடுவில் நான்கு முறை புழு தோலை உரிக்கும். தலையைத் தூக்கியபடி அசையாமல், தின்னாமல் கிடக்கும். அந்தப் பக்கத்தில் கன்னடம் பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் அதை ஜுரம் என்பார்கள். முதல் ஜுரம், ரெண்டாம் ஜுரம். ஆனால் உண்மையில் அது தூக்கம். அப்போது தட்டை அசைக்கக் கூடாது, அறையில் உரக்கப் பேசக் கூடாது, இலை போடக் கூடாது. சவுரியப்பன்கூட வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடப்பான். அந்த வீட்டில் ஒரு தூக்கத்துக்கு மரியாதை இருந்ததென்றால் அது புழுவின் தூக்கத்துக்கு மட்டும்தான்.

சவுரியப்பன் ஒரு புழுவைக்கூடத் தொட்டதில்லை. "எனக்கு கொமட்டும்" என்பான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை இருக்கும், தான் கொஞ்சம் மேலான பிறவி என்பதுபோல. தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவான், ஆள் வைத்து இலை வெட்டுவான். கூடு முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு தர்மபுரி அங்காடிக்குப் போவான். மாதா கோயில் கமிட்டியில் இருந்தான். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவனும் அவன்தான். மற்றதெல்லாம் பாக்கியமேரி.

அவளுக்குத் தூக்கம் போனது எப்போது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. முதலில் இலை போட எழுந்தால் திரும்பப் படுத்ததும் தூங்கிவிடுவாள். பிறகு படுத்தும் விழித்துக் கிடந்தாள். பிறகு புழு இல்லாத நாட்களிலும், தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும்போதும், அந்த மழைச் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தது. கை தானாகப் பக்கத்தில் இலைக்கூடையைத் தேடும். அவள் படுப்பதே புழு அறையின் தரையில்தான், தலைக்குமேல் பல்பு எரிந்துகொண்டிருக்கும். இருட்டினால்தான் உடம்பு தூக்கத்துக்கான சுரப்பைச் சுரக்கும் என்று இப்போது சொல்கிறார்கள். அந்தச் சுரப்பையே மெலடோனின் என்ற பெயரில், ராத்திரி முழுக்க மெல்லக் கரையும் மாத்திரையாகச் செய்து விற்கவும் செய்கிறார்கள். பாக்கியமேரிக்கு அன்று அந்தப் பெயர் தெரியாது. வருஷக்கணக்காக அவளுக்கு இருட்டு கிடைக்கவில்லை என்பதை யோசிக்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவும் இல்லை.

எண்பத்தாறாம் வருஷம் கோடைக்கு முந்தைய புழு பாதி செத்தது. பகலில் நின்றபடியே கண் சொருகி, ஈரம் உலராத இலையைப் போட்டுவிட்டாள். பால் நோய் தட்டுத் தட்டாகப் பரவியது. செத்த புழுக்களைக் கூடையில் அள்ளிப் போய்க் குழியில் கொட்டிவிட்டு அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது சவுரியப்பன் வந்து நின்றான்.

"ஏம்மே, நீ தூங்கவும் மாட்டற, ஒழுங்கா முழிச்சிருக்கவும் மாட்டற. இப்பிடியே போனா வூடு வெளங்குமா?"

"கண்ண மூடுனா வரமாட்டேங்குதுங்க. நான் என்னா பண்ணட்டும்?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். இசபெல்லாவ கூட்டியாந்துர்றேன். பத்தாவது படிச்சு கலெக்டராவா ஆவப்போறா? சின்ன வயசு, கையி வேகமா இருக்கும்."

இசபெல்லா அவர்களுடைய ஒரே மகள். தர்மபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வாசற்படியிலேயே தாவணியால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "பொறந்த வூடு நாறுதாமா மகாராணிக்கு?" என்று சவுரியப்பனுக்குக் கோபம் வரும். பாக்கியமேரிக்கோ அதைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும். மகளுக்கு இன்னும் அந்த நாற்றம் தெரிகிறதே என்று. தனக்கு அது தெரியாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"அவள விட்டுருங்க," என்றாள். "எனக்கு ஏதாவது மருந்து வாங்கியாங்க. அடுத்த புழுவ நான் முழுசா எடுத்துக் குடுக்கறேன்."

"அதயும் பாக்கலாம். இந்த தடவையும் போச்சுன்னா புள்ள இங்கதான்."

அப்படித்தான் ஒரு தாயின் தூக்கத்துக்கும் மகளின் படிப்புக்கும் முடிச்சு விழுந்தது. முடிச்சுப் போட்டவன் நிம்மதியாகத் தூங்கினான்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் எருமைப் பாலில் கசகசா அரைத்துக் கலக்கிக் கொடுத்துப் பார்த்தாள். பலிக்கவில்லை. அடுத்த புழு நான்காம் ஜுரம் தாண்டிக் கடைசி வாரத்துக்கு வந்த சமயம் சவுரியப்பன் பாலக்கோட்டுக்குப் போனான். அங்கே ஒரு சந்தில் மருந்துக்கடை வைத்திருந்த ராஜப்பன், டாக்டர் சீட்டு இல்லாமலே எதையும் எடுத்துக் கொடுக்கிற தயாள குணமுள்ளவன். என்ன வயது, வேறு நோய் உண்டா, ஏன் தூக்கம் வரவில்லை என்ற எந்தக் கேள்வியும் அவனிடம் கிடையாது. தூக்க மாத்திரை யாருக்கு என்று மட்டும் கேட்டான். வீட்டுக்காரிக்கு என்றதும் கண்ணடித்தான்.

"பொம்பளைய தூங்க வச்சுட்டு நீங்க எங்கங்க கெளம்பறீங்க?"

சவுரியப்பன் உடம்பு குலுங்கச் சிரித்தான். ராஜப்பன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தான். கம்பெனி ஆள் சாம்பிளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

"இது சாதா மாத்திரை இல்லீங்க, புதுசு. கொஞ்சம் வேகமான மருந்துதான். ஆனா வயித்துல போயி உக்காந்துகிட்டு மெதுவா, மெதுவா கரையும். ஒரேடியா எறங்காது. காலைல எந்திரிச்சா தெளிவா இருக்கும். ஒடைக்கக் கூடாது, பொடி பண்ணக் கூடாது, கடிக்கக் கூடாது. பல்லே படக் கூடாது. படக்குன்னு முழுங்கிடணும்."

கண்ணடித்த கதையை சவுரியப்பன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். மருந்தைப் பற்றிய கதை வீடு வருவதற்குள் பாதியாகிவிட்டது.

"கடிக்கக் கூடாதாம். பல்லே படக் கூடாதாம். அதுவா மெதுவா கரையுமாம்," என்று பட்டையை அவள் மடியில் போட்டான்.

பாக்கியமேரிக்கு அதில் சந்தேகம் கேட்க எதுவும் இருக்கவில்லை. ஏழு வயதில் புதுநன்மைக்கு, அதாவது ஆண்டவரின் உடலான அப்பத்தைப் பூசையில் முதல் தடவை வாங்குவதற்கு, தயார் செய்த கன்னியாஸ்திரி பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்ததும் இதேதான். பல் படக் கூடாது, கடிக்கக் கூடாது, நாக்கின்மேல் வைத்து வாயை மூடிக்கொண்டால் அதுவாகக் கரையும், ஆண்டவரைக் கடிக்கிற பிள்ளைக்கு மோட்சம் இல்லை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவள் அப்படித்தான் நன்மை வாங்கினாள். பல் படக் கூடாத பொருளை வேறு எப்படி உட்கொள்வது?

அன்று சனிக்கிழமை. புழு திங்கட்கிழமை பழுக்கும் என்பது அவள் கணிப்பு. பழுத்த புழு தின்பதை நிறுத்தும். உடம்பு மஞ்சளாகிக் கண்ணாடி மாதிரி தெரியும். தலையைத் தூக்கி எதையாவது தேடும். உடனே ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டியில் விட வேண்டும். விட்டால் அதன் வளைவுகளில் கூடு கட்டும். விடாவிட்டால் கிடைத்த இடத்தில், தன் புழுக்கையிலேயே கட்டும். அந்த ஒரு நாளுக்குக் கண்ணும் கையும் தெளிவாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தூக்கம். அந்தி இலையை வழக்கத்தைவிடக் கனமாகப் போட்டுவிட்டு, புழு அறைத் தரையில் பாயை விரித்து உட்கார்ந்து, மாத்திரையை நாக்கின்மேல் வைத்து வாயை மூடினாள்.

எட்டிக்காய்க் கசப்பு. முதலில் மேல்தோல் கரைந்தது, பிறகு உள்ளே மாவு. நாக்கு மரத்தது, தொண்டை எரிந்தது. துப்பிவிடலாம் என்று இருந்தது. துப்பவில்லை. கசப்பைச் சகித்தால் பலன் உண்டு என்பதும் அவளுக்கு அதே பிரம்பு சொல்லிக்கொடுத்த பாடம். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமும் ஒரே தடவையில் இறங்கியது. பாயில் தலையைச் சாய்த்ததுதான் அவளுக்குத் தெரியும்.

அந்த வருஷ வெயில் அவள் கணிப்பைப் பொய்யாக்கியது. புழு ஒரு நாள் முந்திப் பழுத்தது.

ஞாயிறு காலையில் சவுரியப்பன் எழுந்தபோது காபி இல்லை. புழு அறைக்குப் போனான். தட்டுகளில் புழுக்கள் மஞ்சளாகித் தலை தூக்கி ஆடிக்கொண்டிருந்தன. அது என்னவென்று தெரியாத அளவுக்கு அவன் அந்த வீட்டுக்கு அந்நியன் அல்ல. மனைவி வாய் திறந்தபடி கிடந்தாள், சேலையில் இரண்டு மூன்று புழு ஏறியிருந்தது. கூப்பிட்டான். காலால் அசைத்தான். தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் எதையோ முனகிவிட்டு மறுபடி செத்தாற்போல் கிடந்தாள். மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு இருந்தது. அவனுக்கு அது போதும்.

பக்கத்து வீடுகளில் ஒரு குரல் கொடுத்திருந்தால் பெண்கள் ஓடி வந்திருப்பார்கள். புழு பொறுக்குகிற நாளில் ஒரு வீட்டுக்கு இன்னொரு வீடு கை கொடுப்பது அந்தத் தெருவின் வழக்கம். ஆனால் விடிந்து இவ்வளவு நேரமாகியும் கமிட்டிக்காரன் பெண்டாட்டி எழுந்திருக்கவில்லை என்று ஊர் பேசுமே. அது அவனைத் தடுத்தது. தானே பொறுக்கலாம் என்றால் குமட்டும். கோயில் மணி அடித்தது. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெளியே தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டி, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு வாசகம் வாசிக்கப் போனான். நன்றாக வாசித்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். நன்மையும் வாங்கினான்.

பகல் ஏறியபிறகு கோவிந்தம்மாள் குழம்புக்குப் புளி கேட்டு வந்தாள். கதவில் பூட்டு. புழு முற்றி நிற்கிற சமயத்தில் பாக்கியமேரி வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கும் போகமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். ஜன்னல் வலையில் முகத்தை வைத்துப் பார்த்தவள் அலறினாள். கடப்பாரையால் பூட்டை நெம்பி எறிந்துவிட்டுத் தெருப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இடம் தேடித் தட்டுகளைவிட்டு இறங்கிய புழுக்கள் தரையெல்லாம் ஊர்ந்தன. சுவரில் ஏறின. தூங்குகிறவளின் மேலும் ஏறின. கழுத்தில், சேலை மடிப்பில், கால் விரல்களின் இடுக்கில். கூடு கட்டுவதற்குமுன் புழு கடைசியாக ஒருமுறை மூத்திரம் விடும். அது அவள் கன்னத்தில் வழிந்து காய்ந்திருந்தது. ஒரு புழு காதுக்கும் கொண்டைக்கும் நடுவில் மஞ்சள் நூலை இழுத்துப் பாதிக்கூடு கட்டி முடித்துவிட்டது. கோவிந்தம்மாள் அதைத் தலைமயிரோடு பிய்த்தெடுத்தாள். தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். பிறகுதான் மற்றவர்களைப் புழு பொறுக்கச் சொன்னாள்.

சவுரியப்பன் திரும்பி வந்தபோது வீடு நிறையப் பெண்கள்.

"பூட்ட யாரு ஒடச்சது?"

"நான்தான். போலீசுக்கு வேணா போ." கோவிந்தம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பொண்டாட்டி பொணமாட்டம் கெடக்கறா, நீ பூட்டிட்டு சாமி கும்புட போனியா சவுரி?"

"மூச்சு இருந்துச்சுக்கா. பாத்துட்டுதான் போனேன்."

ஒருத்தி சிரித்துவிட்டாள். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவ மேல ஏறுனதயாவது தட்டி உட்டிருக்கலாமில்ல?"

"எனக்கு அத தொட்டா கொமட்டும்க்கா. உனக்கு தெரியாதா?"

"அது வித்த காசுல தின்னறப்ப கொமட்டாதா?"

அவன் சட்டையில் புழு ஏதும் ஏறிவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது பாக்கியமேரி விழித்தாள். எழுந்து உட்கார முடியவில்லை. தனக்கு என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை. "எத்தன தட்டு போச்சு?" என்றுதான் கேட்டாள். பாதிக்குமேல் மிஞ்சியது, அதிலும் நிறையக் கூடு கறைபடும் என்று கோவிந்தம்மாள் சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இசபெல்லாவைப் பற்றித்தான் அவள் நினைத்தாள் என்பதைக் கோவிந்தம்மாள் புரிந்துகொண்டாள்.

மறுநாள் சவுரியப்பன் பாலக்கோட்டுக்குப் போய் ராஜப்பனிடம் சண்டை பிடித்தான்.

"பல்லு பட்டுதா?" என்றான் ராஜப்பன்.

"படவே இல்ல. நாக்கு மேலயே வச்சிருந்தாளாம், நன்மை வாங்கற மாதிரி."

நன்மை என்றால் என்ன என்று ராஜப்பனுக்கு விளக்க வேண்டியிருந்தது. விளங்கியதும் அவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "முழுங்கச் சொன்னா பூசை வச்சுட்டாங்களா உங்க வூட்டம்மா?" சண்டை பிடிக்கப் போனவனும் சேர்ந்து சிரித்தான். கேள்வி கேட்காமல் மருந்து கொடுத்தவனும், கேட்டதில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் சொன்னவனும் டீ வாங்கிக் குடித்து ஒரு பெண்ணின் அறியாமையைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் கதை பஸ் ஏறி மாரண்டஹள்ளி வரை வந்தது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலிலும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பலர் அன்று காலையில் நாக்கை நீட்டி வாங்கியவர்கள்தான்.

கூடு பறித்த அன்று மாலை அவள் கூடுகளில் ஒட்டிய புழுக்கையைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மொத பஸ்ல போறேன்," என்றான் சவுரியப்பன். "புள்ளைய கூட்டியாரேன்."

"கூட்டியாங்க."

அவள் அழுவாள் என்றுதான் அவன் எதிர்பார்த்து வந்திருந்தான். அவள் மேலே சொன்னாள்: "அவ இந்தப் படி ஏறுனா நான் இந்த ரூம்புக்குள்ள வரமாட்டேன். ஒரு எல கிள்ள மாட்டேன். அவளுக்கு ஒண்ணும் சொல்லித் தரவும் மாட்டேன். ஜுரத்துல கெடக்கற புழு எது, சாவப்போற புழு எதுன்னு அவளுக்கு தெரியாது. ரெண்டுத்தயும் எலய போட்டு மூடுவா. பரவால்லன்னா கூட்டியாங்க."

"அப்போ அவ வராட்டி ராவுல, விடியால எவன் எல போடறது?"

"நீங்க இருக்கீங்களே."

"என்னால தொட முடியாதுன்னு தெரிஞ்சுகிட்டே பேசறியே?"

பாக்கியமேரி கையிலிருந்த கூட்டைக் கீழே வைத்தாள். "எனக்கும்தாங்க கொமட்டுச்சு. கல்யாணம் ஆயி வந்த வருசம் பூரா கொல்லையில போயி ஓங்கரிச்சேன். எவ்வளவோ நாளு வெறும் வயிறு. ஏன்னு ஒருத்தரும் கேக்கல. அப்பறம் அதுவா நின்னுபோச்சு."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். ஆனால் யோசித்தால் அந்த வீட்டில் நடந்தவற்றில் மிக மோசமானது அதுதான். குமட்டல் என்பது உடம்பு தனக்கு வேண்டாததைப் பார்த்துப் போடும் கூச்சல். அதை ஒருவன் தன் வசதிக்காகப் பத்திரமாக வைத்துக்கொண்டான். இன்னொருத்தியிடமிருந்து அது பிடுங்கப்பட்டது. அதோடு போன பலவற்றில் தூக்கமும் ஒன்று. கடையில் மாத்திரையாக வாங்கி அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தவர்கள் புத்திசாலிகள், நாக்கின்மேல் வைத்தவள் முட்டாள் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது.

மறுநாள் காலையில் சவுரியப்பன் பஸ் நிறுத்தத்துக்குப் போனான். பஸ் வந்தது, போனது. அவன் ஏறவில்லை. மனம் திருந்தினான் என்று சொன்னால் பொய். புழுவைத் தெரிந்த கை அந்த வீட்டில் ஒன்றுதான், அது நின்றால் கூடு இல்லை, கூடு இல்லாவிட்டால் கமிட்டியிலும் மரியாதை இல்லை என்று நின்ற இடத்திலேயே யோசித்து முடித்தான். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். பாக்கியமேரி மிச்ச மாத்திரைகளைப் புழுக்கையோடு சேர்த்துக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள்.

அடுத்த புழுவுக்கு அவள் பாய் ஒழுகுகிற அறைக்கு மாறியது. கதவைச் சாத்தினால் அங்கே இருட்டு. பகல் இலையும் அந்தி இலையும் அவள் போட்டாள். மற்றவை அவன் பாடு. தூக்கம் உடனே வந்துவிடவில்லை. மூன்றாம் ஜுரம் வரைக்கும் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு அந்த மழைச் சத்தத்தைக் கேட்டுக் கிடந்தாள். அவன் சரியாகப் போடுகிறானா என்று எழுந்து போய்ப் பார்க்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டாள். பிறகு ஒரு விடியலில் கோயில் மணி அடித்ததே அவளுக்குக் கேட்கவில்லை.

அன்று கோவிந்தம்மாள் வாசல் தெளிக்க வந்தபோது வேலியோரம் சவுரியப்பன் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தான். மூக்கில் கட்டியிருந்த துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. பக்கத்தில் இலைக்கூடை.

"என்னா சவுரி, மாசமா இருக்கியா?"

"சத்தம் போடாதக்கா," என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு. "உள்ள மேரி தூங்கறா."

அந்த வீட்டில் புழு அல்லாத ஒரு உயிரின் தூக்கத்துக்காகக் குரல் தணிந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கமிட்டியில் அவன், பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லாததால் இரக்கப்பட்டு உதவுவதாகத்தான் சொல்லிக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இசபெல்லா வந்தாள். பத்தாவது வகுப்புப் புத்தகங்கள் பையில் கனத்தன. வாசற்படியில் வழக்கம்போல் தாவணியால் மூக்கைப் பொத்தினாள். பையை வாங்க சவுரியப்பன் கையை நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"அய்யே, அப்பா, உங்க மேலயா இப்பிடி நாறுது?"

அவன் கையை முகர்ந்து பார்த்தான். பிறகு சட்டையில் துடைத்தான். மறுபடி முகர்ந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே," என்றான்.